மலைநிலமும் மாட்டெருவும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய சவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளி எனப்பெறும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமையே அவர்தம் பழம்பயிர்.

அம்மலைச்சரிவில் எருக்கூடையைத் தலையிற் சுமந்து ஏறும் பெண்டிரைக் கண்ட நகரத்து நண்பர் ஒருவர், "ஒரு மூட்டை யூரியாவில் முடியும் காரியத்துக்கு இத்துணைப் பாடா?" என்று என்னை வினவினார். கணக்கின்படி அவர் கூற்றில் பிழை இல்லை. ஒரு டன் தொழுவுரத்தில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்தே உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்கு மேல் உண்டு. நான்கு டன் எருவின் தழைச்சத்து ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும், அப்பெண்டிர் அறியாமையாற் சுமக்கின்றனர் என்று நான் கருதவில்லை.

மாணவர்களே, மண்ணை வெறுங்கலமாக எண்ணுதல் கூடாது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. அம்மாற்றத்தின்போது அமிலம் பிறக்கிறது. நைட்ரேட்டை மண் பற்றிக்கொள்வதில்லை. ஆதலின் சரிவில் ஒரு பெருமழை பெய்தால் சத்து நீரோடு போக, புளிப்பு மட்டும் நிலத்தில் தங்கும். மட்கிய எருவின் இயல்பு வேறு. அதன் நுண்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. சுண்ணாம்பு, சாம்பல்சத்து, அம்மோனியம் ஆகிய நேர்மின்னேற்றம் உடைய சத்துகளை அவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கின்றன. மண்ணின் புளிப்பு திடீரென மிகாதவாறும் தாங்குகின்றன. மேலும், செம்மண்ணுக்குச் செந்நிறம் தருவது இரும்பு. அவ்விரும்பு மணிச்சத்தைப் பிணித்துப் பயிருக்கு எட்டாதபடி செய்துவிடும். எரு மட்கும்போது தோன்றும் கரிம அமிலங்கள் அப்பிணிப்பைத் தளர்த்துகின்றன. இவற்றுள் எதனையும் மூட்டைக் கணக்கு காட்டாது.

திருக்குறளில் உழவு அதிகாரம், உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்கிறது. அவ்வதிகாரத்தைப் பல்லாண்டு பாடம் சொன்னவன் நான். எனினும் எருவைப்பற்றி நான் அறிந்தது சொல்லளவே என்பதை ஒரு கத்தரிப்பாத்தி எனக்குக் காட்டியது. பள்ளித் தோட்டத்தில் வைக்கோலும் சருகும் மிகுந்த புதுக்குப்பையைக் கூடை கூடையாகக் கொட்டச் செய்தேன். பதினைந்து நாளில் செடிகள் மஞ்சள் பூத்தன. "ஐயா, மட்காத குப்பை முதலில் தன் வயிற்றையல்லவா நிரப்பிக்கொள்ளும்? செடிக்குச் சோறு ஏது?" என்றார் தோட்டக்காரப் பெரியவர். அவர் கூறியதே அறிவியலும் ஆகும். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கிறது. நான் தலைகுனிந்தேன், மாணவர்கள் சிரித்தனர். சிரித்தது நியாயமே.

இனி, கழிவெல்லாம் எருவாகும் என்று கொள்வோரும் உளர். அவர்கள் சவ்வாது மலையின் அடிவாரத்தைப் பார்த்தல் வேண்டும். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வயல்களிற் பாய்ந்தது. அதிலுள்ள உப்பின் சோடியம் களிமண்ணைச் சிதைத்து, நீர் இறங்காதபடி இறுகச் செய்கிறது; குரோமியமோ மண்ணிலேயே தங்கிவிடுகிறது. 1996இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் செய்தி இடம்பெற்றுள்ளது. ஆட்டுக்கிடையின் புழுக்கையும் கழிவே. ஆலையின் நீரும் கழிவே. முன்னது நிலத்தில் விளைந்ததை நிலத்துக்கே திருப்பித் தருகிறது. பின்னது நிலம் என்றும் அறியாத பொருளை அதன்மேல் திணிக்கிறது.

இவ்வாறு கூறுவதால், மூட்டை உரத்தைத் தீண்டவே கூடாது என்பார் கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக எண்ணற்க. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு முதல் ஒரே நிலத்தில் நிலையான உர ஆய்வு நடந்து வருகிறது. 1970 முதல் நாட்டின் பல இடங்களில் நெடுங்கால ஆய்வுகள் தொடங்கின. தழைச்சத்து உரத்தை மட்டும் இட்டுவந்த நிலங்களில் காலப்போக்கில் விளைச்சல் தளர்ந்தது. சத்துகளை அளவோடு சேர்த்துத் தொழுவுரத்தையும் உடன் இட்ட நிலங்களில் அது நிலைத்து நின்றது. மண்ணைச் சோதித்து, குறைவதை மட்டும் மூட்டையிலிருந்து இடுவதில் குற்றமில்லை. எருவைக் கைவிட்டு மூட்டையை நம்புவதே குற்றம்.

எருவைச் சுமப்போரும் ஒன்றைத் திருத்திக்கொள்ளலாம். பல வீடுகளில் சாணக்குவியல் வெயிலில் காய்கிறது, மழையில் கரைகிறது. மாட்டின் கழிவிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு கோமியத்தில் இருக்க, அது தொழுவத்துத் தரையிலேயே வீணாகிறது. தரையில் சருகைப் பரப்பிக் கோமியத்தை ஊறச்செய்து, குழியில் இட்டு, மேலே ஓலைக்கூரை போட்டால் சுமக்கும் கூடை ஒவ்வொன்றின் பயனும் மிகும். மறு ஆண்டு பள்ளித் தோட்டத்தில் அப்பெரியவர் சொற்படி அவ்வாறே செய்தோம். குழி வெட்டியவர்கள் முன்பு சிரித்த மாணவர்களே. சில திங்கள் கழித்துக் குழியைத் திறந்தபோது நாற்றம் இல்லை. புதுமழை பெய்த மண்ணின் வாசமே வந்தது. அவ்வாண்டு கத்தரி நன்கு காய்த்தது.