தூய்மை மீது வீண்பழி

கைகளை அடிக்கடி கழுவச் சொல்லி வளர்ப்பதால்தான் இன்றைய குழந்தைகளுக்கு ஒவ்வாமை வருகிறது என்ற பேச்சு அண்மைக்காலமாகப் பரவலாகக் கேட்கிறது. அழுக்கில் புரண்டு வளரும் குழந்தைக்கு எந்த நோயும் அண்டாது என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்யும் என்பதால், இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்பதை அறிவது அவசியம்.

மகரந்த ஒவ்வாமையை ஆங்கிலேயர் 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல் என்பர். அதில் காய்ச்சலும் இல்லை. வைக்கோலும் காரணம் இல்லை. காற்றில் மிதந்து வரும் மகரந்தத் துகளை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதிப் போரிடுவதன் விளைவே தொடர் தும்மலும், மூக்கொழுகலும், கண் அரிப்பும். இது உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் உறக்கத்தையும் கவனத்தையும் பறித்துவிடும். இங்கிலாந்தில் பள்ளித் தேர்வுகள் நடைபெறும் மே, ஜூன் மாதங்களே புல் மகரந்தம் மிகுதியாக உதிரும் காலம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருளாதார இழப்பு விளங்கும்.

லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் 1819-இல் தமக்கே இருந்த இத்தொல்லையை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தார். 1828-இல் அவரால் 28 நோயாளிகளை மட்டுமே திரட்ட முடிந்தது. ஏழைகளிடையே ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நோயாளியைக்கூட அவர் அறியவில்லை. நோய்க்குக் காரணம் மகரந்தமே என்று 1873-இல் விளக்கிய மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, மகரந்தத்தின் நடுவிலேயே உழைக்கும் விவசாயிகளுக்கு இந்நோய் அரிதாக இருப்பதைக் கண்டு வியந்தார். வசதி பெருகப் பெருக வளரும் நோய் இது என்பது அப்போதே புலப்பட்டுவிட்டது.

இதற்கான விடையைக் குழந்தைப் பருவத்தில் தேடியவர் நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்டிராக்கன். 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரை 23 வயது வரை தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்து, 1989-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் அவர் எழுதியது இரண்டு பக்கக் கட்டுரைதான். ஆராய்ந்த 16 காரணிகளில் மேலோங்கி நின்றவை குடும்பத்தின் அளவும் பிறப்பு வரிசையும். அண்ணன், அக்காள் எண்ணிக்கை கூடக்கூட மகரந்த ஒவ்வாமை குறைந்தது. மூத்த பிள்ளைகளிடமிருந்து தொற்றும் கிருமிகள் இளைய குழந்தையைக் காக்கின்றனவோ என்பது அவரது ஊகம். 'தூய்மைக் கோட்பாடு' என்று பின்னர் பெயர் பெற்றது இதுவே.

அடுத்த சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒரே இனம், ஒரே மொழி. நாற்பது ஆண்டுகள் இரு வேறு பொருளாதாரங்கள். நாடு ஒன்றிணைந்தபின் எரிக்கா ஃபான் மூட்டியஸ் குழுவினர் மியூனிக், லைப்சிக் நகரக் குழந்தைகளை ஒப்பிட்டனர். புகை மண்டிய கிழக்கு நகரமான லைப்சிக்கில் மூச்சுக்குழல் அழற்சி அதிகம்; ஆனால் மகரந்த ஒவ்வாமையோ மேற்கு நகரமான மியூனிக்கில்தான் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. சில ஆண்டுகளிலேயே லைப்சிக் குழந்தைகளிடமும் அது ஏறத்தாழ இரு மடங்கானது.

2001-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் நடந்தது. முதல் வயதுக்குள்ளேயே மாட்டுத் தொழுவத்தோடும் பண்ணைப் பாலோடும் பழகிய குழந்தைகளில் 3 சதவீதத்தினருக்கே மகரந்த ஒவ்வாமை இருந்தது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் அவற்றோடு பழகியவர்களில் அது 13 சதவீதம். அதாவது, காலம்தான் முக்கியம்; முதல் ஓராண்டு தனித்த ஒரு வாய்ப்பு.

ஆயினும் இச்சான்றுகள் எவையும் நோய்க்கிருமியைப் பரிந்துரைக்கவில்லை. தட்டம்மை போன்ற நோய்கள் வந்தால் ஒவ்வாமை குறையும் என்ற எதிர்பார்ப்பு பிந்தைய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மண்ணிலும் கால்நடைகளிலும் வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களே நம் எதிர்ப்பாற்றலுக்குப் பயிற்சி தரும் 'பழைய நண்பர்கள்' என்று 2003-இல் கிரஹாம் ரூக் முன்வைத்த விளக்கமே இன்று வலுவாக உள்ளது. பண்ணையின் காய்ச்சாத பாலில் கொடிய கிருமிகளும் இருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதைக் குழந்தைக்குப் பரிந்துரைப்பதில்லை.

பொருளியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் வலியுறுத்திய பாடம் ஒன்று உண்டு: இணைந்து நிகழ்வது வேறு, காரணமாவது வேறு. உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்ற ஒற்றை எண்ணுக்குள் வருமானம், வீட்டு நெரிசல், உணவு, தாயின் வயது எல்லாம் ஒளிந்திருக்கின்றன. மழலைப் பருவத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டவர்களிடம் ஒவ்வாமை அதிகம் என்கின்றன சில ஆய்வுகள். மருந்து ஒவ்வாமையைத் தந்ததா, ஒவ்வாமையின் தொடக்க அறிகுறிகளுக்கே மருந்து தரப்பட்டதா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

கொள்கை வகுக்கச் சோதனை வேண்டும். ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை தர வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு அறிவுறுத்தியது. 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த சோதனையோ, முதல் வயதிலேயே கடலை உணவைத் தொடங்கினால் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறையும் என்று காட்டியது. அறிவுரை தலைகீழானது. மகரந்த ஒவ்வாமைக்கு அத்தகைய தெளிவு இன்னும் கிட்டவில்லை.

வயிற்றுப்போக்கு இன்னும் குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் நம் நாட்டில், சோப்பையும் கழிப்பறையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரும் பிழை. குழந்தை முற்றத்து மண்ணில் விளையாடட்டும், கன்றுக்குட்டியைத் தடவட்டும், உண்ணும் முன் கை கழுவட்டும். இவற்றுக்குள் முரண்பாடு எதுவும் இல்லை. மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைத் தடுக்கவும் ஒவ்வாமை ஆய்வை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளின் பெருக்கமே போதிய காரணம்.

1958-இல் பிரிட்டன் அக்கணக்கெடுப்பைத் தொடங்கியது பிறப்பை ஒட்டிய சிசு மரணங்களை ஆராயத்தான். தும்மலைப் பற்றி அன்று எவரும் நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அது எதிர்பாராத விளைச்சல் தந்தது. 1970-ஐ ஒட்டிப் பிறந்தவர்களைத் தொடரும் ஆய்வுகள் வேலூரிலும் தில்லியிலும் உண்டு. இன்று பிறக்கும் குழந்தைகளையும் அவ்வாறே பொறுமையுடன் தொடர அரசு நிதி ஒதுக்க வேண்டும். ஐரோப்பியத் தொழுவங்களின் கணக்கைக் கொண்டு நம் குழந்தைகளுக்கு விதி எழுதுவதைவிட அது பயனுள்ள முதலீடு.