நைட் ஷிப்ட் முடிந்ததும் திறக்கும் சந்தை

நைட் ஷிப்ட் முடித்து ஒரகடத்தில் வாடகை அறைக்குத் திரும்பும் தம்பிகள் இப்போதெல்லாம் உடனே படுப்பதில்லை. 9.15-க்கு மார்க்கெட் திறக்கிறது. போன வாரம் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி எங்களிடம் கேட்டார்: “அந்த பயோடெக் ஷேரை ஷார்ட் அடிக்கலாமா தோழர்? அமெரிக்க அதிகாரிங்க பிளான்ட்ல குறை கண்டுபிடிச்சுட்டாங்கன்னு டெலிகிராம்ல டிப் வந்திருக்கு.”

ஷார்ட் என்றால் கையில் இல்லாத பங்கை விற்று, விலை விழுந்தபின் வாங்கிக் கணக்கை முடிப்பது. ரொக்கச் சந்தையில் அன்றைக்கே முடித்தாக வேண்டும். மறுநாளும் வைத்திருக்க எஃப் அண்ட் ஓ பக்கம்தான் போக வேண்டும். வாங்கிய பங்கு வீணாய்ப் போனால் போட்ட பணத்தோடு போயிற்று. ஷார்ட் அடித்த பங்கு ஏறிக்கொண்டே போனால் நட்டத்துக்கு எல்லையே கிடையாது.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள் தோழர்களே. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் என்று காட்டியவர்கள். எதிர்ப்பக்கம் யார்? 2023-24-ல் மட்டும், செலவு கழிக்கும் முன், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி கணினி நிரல்கள் ஈட்டியது. அப்புறமும் யூடியூப் குருமார்கள் நம் பிள்ளைகளைப் பார்த்து ‘டிசிப்ளின் இல்லை’ என்கிறார்கள்!

செயலி சாதி கேட்பதில்லை என்பார்கள். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கப் படிப்புக்குப் பின் பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. இன்று அந்தக் கேள்வி வாசலில் இல்லை, உண்மைதான். தோற்றவன் வீடு திரும்பும்போது வருகிறது. விற்க நிலமோ, தாங்க மாமனோ யாருக்கு உண்டு? இதே செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் ட்ரமன்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892-ல் வந்த பஞ்சமி நிலம் இன்று யார் கையில்?

செபி ஆய்வு வெளிவந்த அதே செப்டம்பரில், பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 9-ஆம் தேதி தொடங்கி 37 நாள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. அவர்களுக்கும் சம்பளம் போனது. ஆனால் அந்த நட்டத்தை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சுமந்தார்கள். ஆப்ஷனில் தோற்றவன் பக்கத்துப் பாயில் படுப்பவனிடம்கூடச் சொல்வதில்லை. நிர்வாகங்களுக்கு இதைவிட வசதியான தொழிலாளி கிடைப்பானா?

அந்தத் தம்பியிடம் ஷார்ட் வேண்டாம் என்றோம். “அப்ப வாங்கிடவா?” என்றார். லோன் ஆப்பில் எவ்வளவு எடுத்திருக்கிறாய் என்று கேட்டோம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு மறுபடி போகிறோம். கணக்குப் பார்க்கத் தெரிந்த மாணவத் தோழர்கள் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.