அடுப்பை அணைக்கும் நேரம்



சென்ற மாதம் நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைக் காண வந்திருந்தார். கல்லூரி விடுமுறையில் வீட்டிற்கு வந்த அவருடைய மகள், கைப்பேசியில் கண்ட அமெரிக்க நாட்டு இறால் விருந்தைத் தானே சமைத்துக் காட்டுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் புகுந்திருக்கிறாள். உருளைக்கிழங்கு, சோளக்கதிர், இறால் அனைத்தையும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் இட்டுக் கிழங்கு வேகும்வரை கொதிக்கவிட்டிருக்கிறாள். கிழங்கு வெந்தது; இறால் ரப்பர் ஆயிற்று. தந்தை கடிந்துகொண்டார். அதில் வியப்பில்லை. ஆனால் மறுநாளும், அதற்கு மறுநாளும், வீட்டிற்கு வந்த உறவினர் முன்னிலையிலும் அவர் அதையே சொல்லிக் கடிந்தாராம். "பிள்ளை இப்போது அடுப்படிப் பக்கமே வருவதில்லை, சுவாமி" என்று தாய் கண் கலங்கினார்.

அந்த உணவை அதன் சொந்த மண்ணிலேயே உண்ணும் வாய்ப்பு நமக்கு ஒருமுறை கிட்டியது. குருமடத்தில் நம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பங்குப்பணி ஆற்றுகிறார். 2022 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சில வாரங்கள் அவருடன் தங்கியிருந்தோம். அம்மாநிலம் நம்போன்றோருக்கு வியப்பளிப்பது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் 'கவுண்டி' எனப்படும் ஆட்சிப் பிரிவுக்கு அங்கே 'பாரிஷ்', அதாவது பங்கு என்று பெயர். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலத்துக் கத்தோலிக்க மரபு அரசாங்க ஏட்டில் இன்றும் அவ்வாறு நிலைத்திருக்கிறது. அத்தகைய பங்குகள் 64 உள்ளன. கனடாவின் கீழ்க்கரையிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் துரத்தப்பட்ட பிரெஞ்சுக் கத்தோலிக்கருள் பலர் இந்தச் சதுப்பு நிலத்தில் குடியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்களே கேஜன் மக்கள். இறால் பருவம் தொடங்குமுன் படகுகளைக் குருவானவர் மந்திரிக்கும் வழக்கம் அவர்களுடைய கடலோர ஊர்களில் உண்டு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காக்கும் அவர்கள், இறைச்சியை விலக்கி, முற்றத்தில் பெரும் பானையேற்றி இறால் அவிப்பார்கள். இது தவமா, விருந்தா என்று நாம் நண்பரிடம் கேட்டு நகைத்ததும் உண்டு.

ஒரு வெள்ளியன்று எழுபது வயதைக் கடந்த இறால் மீனவர் ஒருவர் எங்களைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். 2021 ஆகஸ்டு 29 ஆம் நாள் வீசிய ஐடா புயலில் அவருடைய கூரை பறந்துவிட்டது. அதன்மேல் இன்னும் நீலத் தார்ப்பாய் விரிக்கப்பட்டிருந்தது. புயலுக்கு முந்திய வாரம் தாமே பிடித்து, நீரிலிட்டு உறையவைத்திருந்த இறாலை எங்களுக்காக எடுத்திருந்தார். அதற்குப்பின் அவருடைய படகு கடலுக்குச் செல்லவில்லை.

அவர் சமைத்த முறையை அருகிலிருந்து கவனித்தோம். பானை நிறையத் தண்ணீர். அதில் உப்பு, எலுமிச்சை, வெங்காயம், உரிக்காத முழுப் பூண்டு. கடுகு, கொத்துமல்லி விதை, காய்ந்த மிளகாய், கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவை கொண்ட ஒரு பொட்டலம். நமது அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமானது எதுவும் இல்லை! தண்ணீர் கொதித்ததும் முதலில் கிழங்கு; அது பாதி வெந்தபின் சோளக்கதிர். மற்ற நாட்களில் புகையூட்டிய இறைச்சிக் குழலும் சேருமாம். அன்று வெள்ளியாதலால் அது இல்லை. இறுதியாகவே, ஓடு உரிக்காத இறால்.

இறாலைக் கொட்டும் வேளையில், "நீங்கள் எந்த நாட்டவர், சுவாமி?" என்று வினவினார். இந்தியா என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "உங்கள் நாட்டு இறால்தான் என் படகைக் கட்டிப்போட்டது. அந்த விலைக்கு நான் பிடித்தால் டீசல் செலவுக்கே காணாது" என்றார். குரல் கடுத்திருந்தது.

நமக்கு நா எழவில்லை. அவர் கூறியது உண்மையே. 2009 இல் நம் அரசு அனுமதியளித்த வன்னாமி இறால் வளர்ப்பு, ஆந்திரக் கடற்கரை எங்கும் பெருகியது. 2005 முதல் அமெரிக்க அரசு நம் இறாலுக்குத் தனி வரி விதித்திருந்தும், அந்நாடு வெளியிலிருந்து வாங்கும் இறாலில் பெரும்பங்கு அந்நாளில் நம் நாட்டினுடையதே. இங்கே பண்ணைத் தொழிலாளிக்குச் சோறளிப்பது அங்கே ஒரு முதியவரின் வலையைக் காயப்போட்டிருந்தது.

பானை மறுபடி கொதித்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவர் குனிந்து அடுப்பை அணைத்தார். "இன்னும் வேகவில்லையே?" என்றோம். "தீயை இப்போதே நிறுத்த வேண்டும். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி, ஒரு வாளிப் பனிக்கட்டியைப் பானையில் கொட்டினார். கொதிப்பு அடங்கியபின்னரே இறால் காரத்தை உள்ளே இழுக்குமாம்; கொதிக்கக் கொதிக்க விட்டால் தசை இறுகி ஓடு ஒட்டிக்கொள்ளுமாம். கால் மணி நேரம் ஊறியபின் நீரை வடித்து, மேசைமீது விரித்த செய்தித்தாளில் எல்லாவற்றையும் குவித்தார். தட்டு இல்லை, அவரவர் கை எட்டியது அவரவர் பங்கு. முதல் இறாலை உரித்து நம்முன் வைத்தவர் அவரே. படகைப் பற்றி அன்றிரவு அவர் மீண்டும் பேசவில்லை. அவருடைய துயரம் தீர்ந்துவிடவில்லை என்பதை அறிவோம். ஆயினும் சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிவிட்டு அவர் தீயை நிறுத்தினார்.

இல்லத்தில் செய்ய விரும்புவோர்க்கு அளவு கூறுகிறோம். ஐவருக்கு ஓட்டுடன் ஒரு கிலோ நடுத்தர இறால், அரைக் கிலோ சிறு கிழங்கு, மூன்று சோளக்கதிர், ஐந்து லிட்டர் தண்ணீர். உப்பு, தண்ணீர் நாவில் கரிக்கும் அளவு. கிழங்கு பத்து நிமிடம் கொதித்தபின் துண்டாக்கிய சோளம்; மேலும் ஐந்து நிமிடம் கழித்து இறால். மீண்டும் கொதி வந்து இரண்டு நிமிடத்தில் இறால் சிவந்து வளையும். உடனே அடுப்பை அணைத்துப் பனிக்கட்டி இடுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். ஒன்றை உரித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடிபோலத் தெரியாமல் வெண்மையாக இருந்தால் வெந்துவிட்டது.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொல்லி, வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் கணவரை அழைத்துவரச் சொன்னோம். அவரும் வந்தார். "பிள்ளை இறாலைச் சில நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட்டாள், நீர் பிள்ளையை மூன்று நாள் கொதிக்கவிட்டீரே!" என்றோம். தலைகுனிந்து சிரித்தார். பெற்றோரே, கண்டிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கிழங்கு தாங்கும் கொதிப்பை இறால் தாங்காது. ஒருமுறை சொல்லுங்கள், பின் அடுப்பை அணையுங்கள். நீங்கள் சொன்ன சொல் அந்தச் சூட்டிலேயே உள்ளே இறங்கும்.

அடுத்த வாரம் அவ்வீட்டிலிருந்து நமக்கு ஒரு தூக்குச்சட்டி வந்தது. இறால் மென்மையாகவே இருந்தது. உப்புதான் சற்றுக் கூடுதல். அதை நாம் யாரிடமும் சொல்லவில்லை.