பெட்டி திறந்த பிறகு

தேர்தலில் தோற்ற அபேட்சகர், “மறுபடியும் எண்ணுங்கள்” என்று கேட்டால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். வித்தியாசம் சொற்பமாக இருக்கும்போது மனிதர்களும் தவறலாம், இயந்திரமும் தவறலாம். ஆனால், “எண்ணியதெல்லாம் இருக்கட்டும், எண்ணியவற்றில் இன்னின்ன வோட்டுகளைத் தள்ளிவிடுங்கள்” என்று ஒருவர் கேட்டால்? அப்படிக் கேட்டவர் ஒரு நீதிபதி என்றால்?

அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தில் நடந்தது இது. அங்கே ராஜ்யத்துச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 7 பேரையும் ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி 8 வருஷம். நீதிபதியின் பெயரோடு அவருடைய கட்சியின் பெயரும் வோட்டுச் சீட்டில் அச்சாகிறது. (நீதிபதிக்குக் கட்சி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றுகிறது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) 2024 நவம்பர் 5-ந் தேதி நடந்த தேர்தலில், பதவியிலிருந்த அல்லிசன் ரிக்ஸ் அம்மையாரை எதிர்த்து நின்றவர், அப்பீல் கோர்ட்டு நீதிபதி ஜெபர்சன் கிரிபின். பதிவானவை 55 லட்சத்துக்கு மேல். அன்றிரவு முந்தி நின்றவர் கிரிபின். எல்லாம் எண்ணி முடிந்தபோது 734 வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தவர் ரிக்ஸ். இயந்திரத்தால் மறுபடி எண்ணினார்கள். சில இடங்களில் கையாலும் எண்ணிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 65,000-க்கு மேற்பட்ட வோட்டுகள் செல்லாவென்று வழக்காடினார். அவற்றில் சுமார் 60,000 பேர் செய்த குற்றம் என்ன? டிரைவிங் லைசென்ஸ் எண்ணோ, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ அவர்கள் பெயருக்கு நேரே பதிவேட்டில் இல்லையாம்! கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லாத விண்ணப்பத்தை அச்சிட்டுக் கொடுத்தது சர்க்கார்; தண்டனை, அதை நம்பி நிரப்பினவனுக்கு. வெளிநாட்டிலிருந்த ராணுவ வீரர்கள் போட்டோ அடையாளச் சீட்டு அனுப்பவில்லை என்பது இன்னொரு புகார். அனுப்பத் தேவையில்லை என்று சொன்னது தேர்தல் போர்டேதான். இந்த ஆட்சேபமும் ராஜ்யம் முழுவதற்கும் இல்லை. எதிர்க்கட்சிக்குச் செல்வாக்குள்ள சில மாவட்டங்களுக்கு மட்டும். சவாலுக்குள்ளானவர்களில் ரிக்ஸ் அம்மையாரைப் பெற்றவர்களும் இருந்தார்கள்!

சட்டம் அந்த எண்ணைக் கேட்கிறதே என்பார்கள். கேட்கட்டும். தேர்தலுக்கு முன் கேட்டால், வாக்காளன் ஓடிப் போய்ச் சரி செய்துகொள்வான். பெட்டியைத் திறந்து, யார் எத்தனை என்று தெரிந்துகொண்டு, தமக்கு 734 குறைகிறது என்று கண்டபின் கேட்பதற்குச் சட்டப்பற்று என்றா பெயர்? அதே நாளில், அதே சீட்டில், அதே ஜனங்கள்தான் ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் வோட்டுப் போட்டார்கள். அந்த வோட்டுகளைத் தள்ளச் சொல்லி அவர் வழக்காடவில்லை. ஒரே காகிதத்தில் ஒரு வரி செல்லும், ஒரு வரி செல்லாதா?

அவர் உத்தியோகம் பார்த்த அப்பீல் கோர்ட்டே 2025 ஏப்ரலில், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அவர் பக்கம் சாய்ந்தது. ரிக்ஸ் விலகி நிற்க, ராஜ்யத்துச் சுப்ரீம் கோர்ட்டு அந்த 60,000 வோட்டுகளைக் காப்பாற்றியது. வெளிநாட்டு வோட்டுகளைக் கைவிட்டது. கடைசியில் மே 5-ந் தேதி, ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தவர் மத்திய கோர்ட்டு நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ். அவரை நியமித்தவரோ கிரிபினின் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி டிரம்ப்.

இரண்டு நாள் கழித்துக் கிரிபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறர் வழக்குகளில் நியாயம் சொல்லும் அப்பீல் கோர்ட்டு உத்தியோகம் அவரிடம் அப்படியே இருந்தது.