டயருக்குள் வற்றும் பால்

"மாமா, டயரில் காற்று குறையவே இல்லையே. பிறகு ஏன் இப்படி ஆயிற்று?"

என் லாத்தாவின் மகன் கேட்ட கேள்வி இது. கோவையில் பொறியியல் படிக்கும் அவனுக்கு, விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் நீலகிரிக்குச் சென்று மண் பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்டுவதில் பெரும் விருப்பம். தேர்வெல்லாம் முடிந்து, ஜூன் மாதத்து மாலையொன்றில், நண்பர்களை விட்டுப் பின்தங்கித் தனியே இறங்கி வந்துகொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் முள் தைத்தது. ட்யூப்லெஸ் டயராயிற்றே, தானே அடைத்துக்கொள்ளும் என்று நம்பினான். அடைக்கவில்லை. பையிலிருந்த ட்யூபை எடுத்து மாட்டிக் காற்றடித்தான். ஐந்தே நிமிடத்தில் அதுவும் இறங்கிவிட்டது. கைப்பேசிக்குத் தொடர்பும் கிடைக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் சாலைக்கு வந்து சேர்ந்தபோது இரவு 9 மணி. அதுவரை லாத்தா பட்ட பாட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மறுவாரம் அந்த டயரைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இல்லை. காய்ந்த ஏடும், சில ரப்பர் உருண்டைகளும் கிடந்தன. உட்புறத்தைத் தடவிப் பார்த்தபோது ஏழு முட்கள் விரலில் நெருடின. அவன் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

1999ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மாவிக் நிறுவனம் மலைச் சைக்கிளுக்கான ட்யூப்லெஸ் சக்கர முறையை அறிமுகப்படுத்தியது. அதன்பின், டயருக்குள் சீலண்ட் என்னும் அடைப்புத் திரவத்தை ஊற்றி ஓட்டும் வழக்கம் பரவியது. பெரும்பாலான சீலண்டுகளுக்கு அடிப்படை ரப்பர் பால்தான். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். மரத்தின் பட்டையைச் சீவினால் பால் வடியும், சில மணி நேரத்தில் உறைந்து அந்தக் காயத்தையே மூடிவிடும். எடுத்த பால் உறையாதிருக்க அம்மோனியா கலப்பதும் உண்டு. சீலண்ட் வேலை செய்வதும் ஏறக்குறைய இவ்விதமே. முள் குத்திய துளை வழியே காற்று வெளியேறும்போது திரவமும் அங்கே பாய்கிறது. அதில் கலந்துள்ள நுண்துகள்கள் துளையில் சிக்க, பால் அவற்றைச் சுற்றி உறைந்து அடைத்துவிடுகிறது. சிறு துளைகளை இது நன்கு மூடும். 6 மில்லிமீட்டரைக் கடந்த கிழிசலை இதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஆனால் இத்திரவத்திலுள்ள நீர் நாளடைவில் ஆவியாகிவிடும். பொதுவாக இரண்டு முதல் ஆறு மாதங்களில் சீலண்ட் வற்றிப்போகும். வெப்பம் மிகுந்த இடத்தில் இன்னும் விரைவில். தேர்வுக் காலமான ஏப்ரல், மே முழுவதும் அந்தச் சைக்கிள் தகரக் கொட்டகையில் நின்றிருந்தது. பால் வற்றியபோதும், பழைய துளைகளை மூடிய ரப்பர் அப்படியே இருந்ததால் காற்று குறையவில்லை. புதிய முள் தைத்தபோதுதான் வறட்சி தெரிந்தது. முன்பு தைத்துச் சத்தமின்றி அடைபட்டிருந்த முட்களே, பிறகு போட்ட ட்யூபையும் குத்திவிட்டன.

ஆகவே, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பது நலம். சைக்கிளைத் தொங்கவிட்டு, சக்கரம் தரையில் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள். வால்வை மேற்புறம் நிறுத்திக் காற்றை முழுவதும் விடுங்கள். கீழே வைத்து விட்டால் திரவம் முகத்தில் தெறிக்கும். பின்பு வால்வின் உட்பகுதியைக் கழற்றி, சக்கரத்தை மெல்லச் சுழற்றி வால்வைக் கீழே கொண்டுவந்து, சில நிமிடம் பொறுத்து, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையொன்றை உள்ளே விட்டெடுங்கள். நுனி நனைந்து வந்தால் பால் இருக்கிறது; உலர்ந்து வந்தால் வற்றிவிட்டது. வால்வின் உட்பகுதியில் ரப்பர் அடைத்திருந்தால் அதையும் நீக்குங்கள்.

29 அங்குலச் சக்கரத்தில் 2.3 அங்குல அகல டயருக்குப் பொதுவாக 90 முதல் 120 மில்லி வரை தேவைப்படும். துகள்கள் அடியில் தங்கியிருக்குமாதலால் புட்டியை நன்றாகக் குலுக்கிய பிறகே, ஊசியில்லாத சிரிஞ்சினால் வால்வு வழியே செலுத்துங்கள். காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, இருபுறமும் சற்று நேரம் படுக்க வைத்தால் பால் எங்கும் பரவும். வெவ்வேறு நிறுவனத்தாரின் சீலண்டுகளைக் கலக்க வேண்டாம். கரியமில வாயுக் குப்பி சில சீலண்டுகளை உறையச் செய்துவிடும். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை டயரைக் கழற்றி, காய்ந்த ஏட்டை உரித்து, முட்களைப் பிடுங்கி, ரிம்மில் ஒட்டிய டேப்பையும் பார்த்துவிடுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் இதைச் செய்யுங்கள். ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுவதே பாதுகாப்பு. துணியில் பட்டால் உடனே நீரில் அலசுங்கள், காய்ந்தபின் போகாது.

வழியில் ட்யூப் மாட்ட நேர்ந்தால், டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி முட்களை அகற்றிய பிறகே மாட்ட வேண்டும். மருமகனுக்கு அன்று இது தெரிந்திருந்தால், இருட்டுவதற்குள் சாலைக்கு வந்திருப்பான்.

பிள்ளைக்கு இத்தகைய சைக்கிள் வாங்கித் தந்திருக்கும் பெற்றோர், அவன் புறப்படும்போது "காற்று இருக்கிறதா?" என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். "பால் இருக்கிறதா, பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். லாத்தா இப்போது அப்படித்தான் கேட்கிறார்.