ஆடிட் நாளில் மட்டும் வரும் கையுறை

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பசுமை என்ற பேச்சு துணி வாங்கும் பையர் சொல்லி வந்ததல்ல, கோர்ட் சொல்லி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் விட்ட சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் வழக்குப் போட்டு அலைந்த பிறகுதான் அதுவும் நடந்தது. இன்று கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேவிடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்துகிறோம். செலவு கொஞ்சமல்ல.

சாய மாஸ்டராக நான் பார்த்த மாற்றம் வேறு இடத்தில். ஷேடு தப்பினால் துணியை மறுபடி சாயமேற்ற வேண்டும். தண்ணீர், உப்பு, நீராவி எல்லாம் இன்னொரு பங்கு. முன்பெல்லாம் மெஷினில் நிற்கும் பையன் நிறம் பிசகுவதைப் பார்த்தாலும் வாய் திறக்கமாட்டான். திட்டு அவனுக்குத்தானே விழும். இப்போது, "அண்ணா, நீலம் தூக்குது, வந்து பாருங்க" என்கிறான். சுத்திகரிப்புக் கட்டணம் முதலாளியைப் பொறுமைசாலி ஆக்கிவிட்டது!

ஆனால் பையரின் ஆள் வந்து பார்க்கும் ஆடிட் நாளில் மட்டும் கையுறையும் மாஸ்க்கும் அலமாரியிலிருந்து வெளியே வரும் கம்பெனிகளும் உண்டு. வாசலில் மரக்கன்று, உள்ளே பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். தூக்கக் கலக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு ஷேடு எப்படித் தெரியும்? பசுமைச் சான்றிதழ் கேட்கும் பையர்கள் தண்ணீர்க் கணக்கோடு ஓவர்டைம் கணக்கையும் வாங்கிப் பார்க்கட்டும். பீஸ் விலையையும் அதற்கேற்பக் கூட்டித் தரட்டும்.