‘கர்ணன்’ படத்தின் உரிமைக் கணக்கு

சடையங்குப்பத்தில் ஆடித் திருவிழாவுக்குத் திரை கட்டி ‘கர்ணன்’ போட நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் பதிப்புரிமைக்காக யாரிடம் அனுமதி கேட்பது? இப்போது யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பைப் படியெடுக்கவும் திரையிடவும் உரிமையாளருக்கு மட்டும் சட்டம் தரும் அதிகாரம். அதற்கு ஆயுள் உண்டு. இந்தியாவில் திரைப்படத்துக்கு 60 ஆண்டு. வெளியான நாளிலிருந்து அல்ல, அடுத்து வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ண வேண்டும். பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்தது. 2024 டிசம்பர் 31 அன்று கணக்கு முடிந்துவிட்டது. முன்பு 50 ஆண்டுதான். 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு உரிமை முடியும் வேளையில் பத்தாண்டு கூட்டினார்கள். சினிமாவுக்கும் அந்தப் பத்து கிடைத்தது.

படத்துக்குள் வேறு உரிமைகளும் உண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை. இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருடையது. கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரை வைத்தே எண்ணுவார்கள். விஸ்வநாதன் மறைந்தது 2015, மெட்டுக்கு 2075 வரை. அப்படியானால் திருவிழாவில் பாட்டு வரும்போதெல்லாம் ஒலியை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். உரிமை முடிந்த படத்தைத் திரையிடும்போது அதிலுள்ள பாடல்களுக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மெட்டையும் வரியையும் தனியே எடுத்துப் புதிதாகப் பதிவுசெய்தால்தான் அனுமதி வேண்டும்.

கடல் தாண்டினால் கணக்கு மாறும். நாடுகளுக்கிடையிலான பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை திரைப்படத்துக்குக் குறைந்தது 50 ஆண்டு கேட்கிறது. மேலே எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். மலேசியா ஐம்பதோடு நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், திரைக்கதை, வசனம் எழுதியவர்கள், இசையமைப்பாளர் ஆகியோரில் கடைசியாக மறைந்தவருக்குப் பின் 70 ஆண்டு. ஆனால் வெளிநாட்டுப் படத்துக்குச் சொந்த நாட்டில் உரிமை முடிந்தால் அங்கும் முடியும். இதைக் குறுங்கால விதி என்பார்கள். அமெரிக்கா இந்த விதியை ஏற்கவில்லை. அங்கே 1964-இல் வந்த படத்துக்கு 95 ஆண்டு. நியூ ஜெர்சியில் ‘கர்ணன்’ திரையிட 2059 முடியும்வரை அனுமதி வேண்டும்.

பிறந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான படம் வெளியூரில் பூட்டிக் கிடப்பதைவிடக் குறுங்கால விதி நியாயமாகவே படுகிறது. ஆனால் உரிமை முடிந்ததால் நல்ல பிரதி கைக்கு வந்துவிடாது. 2012-இல் டிஜிட்டலில் சீரமைத்து வெளியிட்ட பிரதியை வைத்திருப்பவர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.